சக்கரம் வைத்த காக்கை

குச்சனூர்
18-4-1974

மாப்பிள்ளை பால்பாண்டி அவர்களுக்கு மாமன் மலைச்சாமி எழுதிக்கொண்டது. அல்லிநகரத்தில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் பேத்தி முருகம்மாளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுத இன்றைக்கு எனக்கு மனம் இல்லை.

முந்தாநாள் சாயங்காலம் தேனி பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் வீரணன் ஒரு மஞ்சள் பையை ஜன்னல் வழியாக நீட்டினான். “பெருசு, உங்க மாப்பிள்ளை வீட்ல திருப்பிக் குடுத்துவிட்டாக” என்றான். பையிலிருந்து ஒரு கறுப்பு இறக்கை வெளியே தொங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவன், “செத்த காக்காயாய்யா இது? சின்னமனூர்ல இருந்து என் மடிமேலயில்ல வச்சிருந்த!” என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், அது என் கையால் செய்ததாக இல்லாமல் இருந்தால்.

போன வாரம் நான் முருகுக்கு அனுப்பிய பொம்மைக் காக்கை அது. அனுப்பும்போது முழுசாக இருந்தது. வந்தபோது இடது இறக்கை ஒடிந்து, துணி பாதியைக் காணோம். ஒரு கண்ணும் இல்லை. ஒரு பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் காரணத்தைத் துண்டுக் காகிதத்திலாவது எழுதுவார்கள். அந்த மரியாதைக்குக்கூட நான் ஆகாதவனா?

அதைச் செய்ய நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கல்யாண முருங்கைக் கட்டையாகத் தேடி எடுத்தேன், பிள்ளை காலில் விழுந்தாலும் வலிக்கக் கூடாது என்று. விளக்குக் கரியை வேப்பம்பிசினில் குழைத்துப் பூசினேன், வாயில் வைத்தாலும் கெடுதல் வரக் கூடாது என்று. என் பழைய குடையைக் கிழித்து இறக்கை தைத்தேன். கறுப்பு நூல் வீட்டில் இல்லை, சிவப்பு நூலில்தான் தைத்தேன். அது ஒரு குறை என்றால் ஒத்துக்கொள்கிறேன். தையல்காரர் முத்துவீரனிடம் வாங்கிய நூல்கட்டைகள்தான் சக்கரம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் அடியில் வளைந்த கம்பி சுற்றும், இறக்கை இரண்டும் மேலே போய்க் கீழே வரும். எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கடலைப் பொட்டலத்துக் காகிதத்தில் எழுத்தைப் படித்த மாதிரி இதையும் நானே பார்த்துப் பார்த்துக் கற்றேன்.

முருகு நடை பழகிய நடைவண்டி நான் செய்தது. சோளத்தட்டையில் செய்த மாட்டுவண்டியும் ஓலைக் கிலுக்கும் நான் செய்தவை. என் மகள் சண்முகத்தாய் உயிரோடு இருந்த வரைக்கும் என் வீட்டிலிருந்து போன எதுவும் திரும்பி வந்ததில்லை. அவள் போய் இரண்டு வருஷம் முடியவில்லை, என் பை திரும்புகிறது.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நானே நேரில் வந்து கேட்பேன்.

இப்படிக்கு,
மலைச்சாமி


அல்லிநகரம்
23-4-1974

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்குப் பால்பாண்டி வணக்கத்துடன் எழுதுகிறேன். முருகு சுகம். இந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம்.

பையைக் காரணம் சொல்லாமல் அனுப்பியது தப்புத்தான். அம்மா அனுப்பினார்கள், நான் கடையில் இருந்தேன். ஆனாலும் மாமா, நீங்களும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்தப் பை வந்த நேரம் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். உங்களுக்கு இதை நானே நேரில் வந்து சொல்லவேண்டும் என்று இருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் போய்விட்டது. அம்மாவுக்கு மூட்டு வலி. முருகுக்குத் தலை சீவி விடவும் ஆள் இல்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

பெண்ணின் பெரியப்பா காப்பித் தம்ளரைக் கையில் வைத்திருக்கிறார். வீரணன் வந்து, “குச்சனூர்ப் பார்சல்” என்று வாசலில் வைத்துவிட்டுப் போனான். முருகு ஓடிப்போய்ப் பிரித்தாள். காக்கையை நடுவீட்டில் இழுத்துக்கொண்டு வந்தாள், அது இறக்கையை அடித்துக்கொண்டு அவர்கள் காலடியில் போய் நின்றது. பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “குச்சனூர்ல இருந்து சனி பகவான் வாகனத்தையே அனுப்பி வச்சிருக்காக. முதல் தாரத்து வீட்டுக்காரவுகளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலபோல” என்றார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்னும் சொல்லவில்லை. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபத்தில் காக்கையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார்கள். இறக்கை அப்போது ஒடிந்ததுதான்.

நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். நம் கடையிலேயே பிளாஸ்டிக் பொம்மை, சாவி கொடுத்தால் ஓடுகிற கார் எல்லாம் இருக்கின்றன. முருகு கேட்டால் நான் எதையும் இல்லை என்று சொல்வதில்லை. ஆடிச் சனிக்கிழமைத் திருவிழாவுக்கு அவளை அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். இந்த வருஷம் வேண்டாம் மாமா.

தங்கள்,
பால்பாண்டி


குச்சனூர்
26-4-1974

மாப்பிள்ளை அவர்களுக்கு மலைச்சாமி எழுதுவது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் மறுதாரம் செய்துகொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. முப்பது வயசு ஆம்பளை, சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? என்னிடம் வந்து, “மாமா, இப்படி ஒரு எண்ணம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உங்களோடு பெண் பார்க்கப் பண்ணைப்புரம் வந்திருப்பேன். யாரோ ஒரு பெரியப்பா காப்பியைக் கீழே வைத்த கதையில் இருந்தா நான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

சனி பகவான் வாகனமாம். நான் பிறந்ததிலிருந்து அவர் கோயில் மணிச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். ஊரெல்லாம் எள்ளுத் தீபம் போட இங்கே வருகிறது, நல்லது நடக்கட்டும் என்று. இங்கே இருக்கிறவன் ஒரு காக்கை செய்தால் மட்டும் அது கெட்டதா? என் சொந்தப் பேத்தி இருக்கிற வீட்டுக்கு நான் சனியை ஏவுவேனா?

ஏன் காக்கை செய்தேன் என்று யாராவது கேட்டீர்களா? கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

தை அமாவாசைக்கு முருகு இங்கே இருந்தாள். சண்முகத்தாய்க்குப் படைத்துவிட்டு ஓட்டு மேலே சோறு வைத்தேன். காக்கை வந்தது. பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு வாய் நிற்கவில்லை. “அந்தா பாரு, உங்க அம்மா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டேன். காக்கை நாலு பருக்கை தின்றது, பறந்துவிட்டது. பிள்ளை தெரு முனை வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். திரும்பி வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “தாத்தா, அது நிக்க மாட்டேங்குது. எனக்கு நிக்கிற காக்கா செஞ்சு குடு.”

அதற்காகத்தான் செய்தேன். அவள் கேட்டதற்கும் ஒரு படி மேலே போய், நடக்கிற காக்கையாக, இறக்கை அடிக்கிற காக்கையாகச் செய்தேன். அதைத்தான் உங்கள் வீட்டில் முற்றத்தில் எறிந்தீர்கள்.

சாவி கொடுத்தால் ஓடுகிற காரை அவள் கேட்கவில்லை.

இறக்கையைச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன். மறுபடி அனுப்புவேன். பண்ணைப்புரத்தாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், காக்கைக்குப் பயப்படுகிறவர்கள் சோறு தின்ற இலையை எங்கே போய்ப் போடுவார்கள் என்று.

மலைச்சாமி


அல்லிநகரம்
9-5-1974

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு அது தெரியாது. முருகு என்னிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “செத்தவள நெனப்பூட்டிக்கிட்டே இருந்தா வர்றவ எப்படிடா இருப்பா?” என்கிறார்கள். முருகு இப்போது தாயைப் பற்றிப் பேசுவதே இல்லை. அப்படியே இருக்கட்டும் மாமா. கிளற வேண்டாம்.

பண்ணைப்புரத்தார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பெண் பெயர் சங்கிலியம்மாள். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். எளிமையாகத்தான். பத்திரிகை அனுப்புகிறேன்.

காக்கையை அனுப்ப வேண்டாம். தயவு செய்து.

பால்பாண்டி


குச்சனூர்
20-6-1974

பால்பாண்டி அவர்களுக்கு.

பத்திரிகை தபாலில் வந்தது. வெற்றிலை பாக்கு இல்லாமல், ஆள் இல்லாமல், மேலே தபால்காரன் முத்திரையோடு வந்தது. பெண்ணைக் கொடுத்த மாமனைத் தபாலில் அழைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கல்யாணத்துக்கு வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு வந்தேன். உங்களுக்கும் அது தெரியும். என்ன நடந்தது என்பதை நான் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது.

சரிபண்ணிய காக்கையைப் பையில் வைத்துக்கொண்டு உங்கள் பேன்சி ஸ்டோருக்கு வந்தேன். நீங்கள் கல்லாவில் இருந்தீர்கள். “வாங்க மாமா” என்று எழுந்தீர்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். உங்கள் தாயார் உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். என்னை வா என்று ஒரு வார்த்தை இல்லை. உங்களிடம், “ஏலே, வந்தவுகளுக்கு இங்கனயே காப்பி வாங்கிக் குடு. புதுப்பொண்ணு இருக்கிற வீட்டுக்கு இப்பப் போக வேணாம்” என்றார். வந்தவுக! அல்லிநகரத்து வீட்டில் வாசல் நிலைக்கு நான் மரம் கொண்டு வந்து கொடுத்தவன். பையைப் பார்த்துவிட்டு, “அந்தச் சனியன் அதுக்குள்ளயா இருக்கு?” என்றும் கேட்டார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

நான் கேட்டது ஒன்றுதான். பிள்ளையைக் கடைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். தூங்குகிறாள் என்றீர்கள். காலை பத்து மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும்?

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொக்கியில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுத்தீர்கள். மஞ்சள் முடி, நீலக் கண். என் கையில் அதை வைத்து, “இதை இங்கன என்கிட்டயே குடுத்துருங்க மாமா. தாத்தா வாங்கிட்டு வந்தாகன்னு முருகுகிட்டச் சொல்லி நான் குடுத்துக்கிறேன்” என்றீர்கள்.

உங்கள் கடைச் சரக்கு, உங்கள் கை, அதற்கு என் பெயர்! என் கையால் ஒன்றும் செய்யத் தெரியாமல் போய்விட்டதா எனக்கு? அந்தப் பொம்மையை முருகு எப்போது கேட்டாள்? அது யார்? எந்த ஊர்க்காரி?

பொம்மையைக் கல்லா மேலே வைத்துவிட்டு வந்துவிட்டேன். காப்பியையும் குடிக்கவில்லை. பஸ்ஸில் வீரணன், “என்ன பெருசு, காக்கா மறுபடியும் ரிட்டர்ன் டிக்கெட்டா?” என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். பாவம், அவன் என்ன செய்வான்.

இனி என் வீட்டிலிருந்து பொம்மை வராது. நான் வர மாட்டேன். உங்களுக்கு நான் எழுதுகிற கடைசிக் கடிதம் இது. நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான், சண்முகத்தாய் இருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

மலைச்சாமி


அல்லிநகரம்
11-7-1974

மாமா அவர்களுக்குப் பால்பாண்டி வணக்கம்.

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். இதைப் படிக்காமல் போட்டுவிடாதீர்கள், அது போதும்.

நேற்றுக் காலையில் சங்கிலியம்மாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கினாள். சுவர் ஓரமாக ஒரு சாமான் இருந்தது. கறுப்புத் துணிக்குள் தேங்காய் நாரை அடைத்து, மேலே கயிறு சுற்றியிருந்தது. இரண்டு விளக்குமாற்றுக் குச்சியைக் காலாக வைத்துக் களிமண் உருண்டையில் குத்தி நிற்க வைத்திருந்தது. முன்னால் காய்ந்த சோற்றுப் பருக்கை சிதறிக் கிடந்தது. அம்மா, “எலி வரப் போகுது, எடுத்துக் குப்பைல போடு” என்றார்கள். சங்கிலி போடவில்லை. முருகைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக் கேட்டாள்.

“இது என்ன ஆத்தா?”

“காக்கா.”

“யாரு செஞ்சா?”

“நாந்தான்.”

சங்கிலி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமாக இருந்தது. “வயித்துக்குள்ள என்னத்தப் போட்ட?” என்று கேட்டாள்.

“கல்லு.”

“கல்லு எதுக்கு?”

“பறந்து போயிராம.”

நான் வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். கடைக்குப் போக நேரமாகிவிட்டது. திரும்பி உள்ளே வந்தேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

துணியைத் திருப்பிப் பார்த்தேன் மாமா. சிவப்பு நூல் தையல். நீங்கள் காணோம் என்று எழுதிய பாதி இறக்கை அதுதான். அன்றைக்கு முற்றத்தில் கிழிந்து விழுந்ததை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. தாயைப் பற்றி அவள் பேசுவதே இல்லை என்று உங்களுக்கு எழுதினேன்.

சங்கிலி ராத்திரி என்னிடம் கேட்டாள், “இவ தாத்தா செஞ்ச காக்கா எங்க?” என்று. நடந்ததைச் சொன்னேன். “எங்க வீட்ல அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரல. இப்ப நீங்க தபால் எழுதுறீகளா, இல்ல நான் பஸ் ஏறவா?” என்றாள்.

கேட்க எனக்கு வாய் இல்லை. காக்கையை அனுப்புவீர்களா?

பால்பாண்டி


குச்சனூர்
14-7-1974

மகள் சங்கிலியம்மாளுக்கு அப்பா மலைச்சாமி எழுதுவது.

உன் புருஷனுக்கு இனிமேல் எழுத மாட்டேன் என்று எழுதிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் இது உனக்கு. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்றால் நீயே படி. வராவிட்டால் அவர் படித்துச் சொல்லட்டும், ஆனால் அவருக்கு எழுதியதாக அவர் நினைக்கக் கூடாது.

உன்னை மகள் என்று எழுதியதற்கு ஆச்சரியப்படாதே. ஒருத்தி போன இடத்துக்கு வருகிறவள் அவளைப் பெற்றவனுக்கு மகள்தான். இது நான் புதிதாகச் சொல்வதில்லை, நம் பக்கத்து முறை. உன் பெரியப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் காப்பியைக் கீழே வைத்தாரோ என்னவோ.

புதன்கிழமை ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்க வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து அழைப்பார்கள், போ. அதற்கு முன்னால் முதல் சனிக்கிழமைக்கு நான் அழைக்கிறேன். வெற்றிலை பாக்கை வீரணனிடம் கொடுத்து விடுகிறேன், தபாலில் இல்லை. நீயும் முருகும் வாருங்கள். சேலை எடுத்து வைத்திருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் என்னிடம் சொல்லாதே. இந்த வீட்டில் பெண்கள் யாரும் இல்லை, சோறு நானே வடிப்பேன். குழைந்துதான் இருக்கும். உன் மாமியாரும் வரலாம். வந்தால் வாங்க என்று நான் சொல்வேன், எனக்கு அந்த வார்த்தை வரும். கடைக்காரர் வருவது அவர் இஷ்டம். வந்தால் கையில் மஞ்சள் முடிக்காரியைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் நடைவண்டி இங்கிருந்துதான் வரும். அதைத் திருப்பி அனுப்பினால் மறுபடி சண்டைதான்.

முருகு செய்த காக்கையைக் குப்பையில் போடாமல் வைத்தாயே, அது போதும். அதைப் பத்திரமாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வா, நான் பார்க்க வேண்டும். களிமண்ணில் காலைக் குத்தி நிறுத்துகிற யோசனை எனக்கு வரவில்லை.

அவள் என்னிடம் நிற்கிற காக்கை கேட்டாள். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் போய் அதற்குச் சக்கரம் வைத்தேன். உன் புருஷன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் காக்கையை எடுத்து முன்னால் வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் போகிறது. அவ்வளவுதான். உயிர்க் காக்கையும் அதைத்தானே செய்கிறது.

என் தப்பு என்று எழுத மாட்டேன். சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். கால் வைத்திருக்கிறேன். வயிற்றில் ஒரு குழி தோண்டி, மூடாமல் விட்டிருக்கிறேன்.

கல்லை அவளே போடட்டும்.

அப்பா,
மலைச்சாமி